ஊரோடு வளர்ந்த பல் மருத்துவர்: அமெரிக்க எல்லைப்புற நகரத்தில் ஒரு தொழில் வேரூன்றிய விதம்

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த பல் மருத்துவர் என்றதும் இரண்டு உருவங்களே பெரும்பாலும் பேச்சில் அடிபடுகின்றன. ஒன்று, முடிதிருத்தும் கடையில் குறடும் கையுமாக நின்று, வலிக்கும் பல்லைப் பிடுங்கி எறிபவர். மற்றொன்று, துப்பாக்கியும் சீட்டுக்கட்டுமாக ஊர் ஊராக அலைந்த ஜான் ஹென்றி ஹாலிடே, அதாவது ‘டாக் ஹாலிடே’. இரண்டும் முழுப் பொய்யல்ல. ஆனால் இந்த இரண்டு உருவங்களுக்கும் பின்னால், வளர்ந்துவந்த ஓர் ஊரில் நிலையாக உட்கார்ந்து, பிடுங்க வேண்டிய பல்லைக் காப்பாற்றிக் கொடுத்து, அந்த ஊரின் இரண்டு தலைமுறைகளுக்குத் தெரிந்த முகமாக வாழ்ந்த மருத்துவர் மறைந்துபோகிறார். அவர் எப்படிப் பயின்றார், எதை வைத்து வேலை செய்தார், எதனால் பிழைக்க முடிந்தது என்பதை அடிப்படையிலிருந்து விளக்குவதே இக்கட்டுரை. எடுத்துக்காட்டாக, கான்சாஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரில் பணியாற்றிய லூசி ஹாப்ஸ் டெய்லரின் வாழ்க்கையை எடுத்துக்கொள்வோம்.

ஈயம் பூசுபவரும் பொற்கொல்லரும்

பித்தளைப் பாத்திரம் புழங்கிய காலத்தில் நம் தெருக்களுக்கு ஈயம் பூசுபவர் வருவார். மண்ணில் சிறு குழி தோண்டி, துருத்தி வைத்து, கரியை மூட்டி, நவச்சாரத்தைத் தூவி, பழைய துணியால் ஈயத்தைச் சுழற்றித் தேய்ப்பார். தெருவிலுள்ள பாத்திரங்கள் தீர்ந்ததும் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். ஒரே தெருவில் ஆண்டு முழுவதும் உட்கார்ந்திருக்க அவரால் முடியாது, ஏனென்றால் அத்தனை பாத்திரங்கள் அங்கே இல்லை. பொற்கொல்லரோ ஊரை விட்டு நகரமாட்டார். அவரிடம் கொடுக்கும் பொருள் விலை உயர்ந்தது, வேலை முடிய நாளாகும், பிறகு கொக்கி தேய்ந்தாலும் கல் விழுந்தாலும் அவரிடமே திரும்பிப் போக வேண்டும். அவருடைய பிழைப்பு நம்பிக்கையில் நிற்கிறது, நம்பிக்கை வளர ஓரிடத்தில் இருக்க வேண்டும்.

மேற்கே சென்ற பல் மருத்துவர்களிலும் இந்த இரு வகையினர் இருந்தனர். கருவிப்பெட்டியுடன் ஊர் ஊராகச் சென்று, சில நாட்கள் விடுதி அறையில் தங்கி வேலை பார்ப்பவரை ‘ஊர் சுற்றும் பல் வைத்தியர்’ எனலாம். வாடகைக்கோ சொந்தமாகவோ அறை பிடித்து, பலகை மாட்டி, ஒரே ஊரில் தங்கிவிட்டவர் ‘நிலைத்த பல் மருத்துவர்’. முன்னவரைப் போலி என்று ஒதுக்கிவிடுவது தவறு. மக்கள் தொகை குறைந்த இடத்தில் நேர்மையான, தேர்ந்த மருத்துவரும் ஊர் சுற்றித்தான் தீர வேண்டும். ஒருவர் எந்த வகையைச் சேர்ந்தவராக ஆனார் என்பதை அவருடைய குணத்தைவிட அந்த ஊரின் அளவே பெரிதும் தீர்மானித்தது.

ஹாலிடேயின் வாழ்க்கையே இதற்குச் சான்று. அவர் 1872இல் பென்சில்வேனியா பல் அறுவைக் கல்லூரியில் முறையாகப் பட்டம் பெற்றவர். 1873இல் டெக்சாஸின் டாலஸ் நகருக்கு வந்து, ஏற்கெனவே அங்கிருந்த மருத்துவர் ஒருவருடன் கூட்டாகத் தொழில் தொடங்கினார். காசநோயால் வந்த ஓயாத இருமல், வாய்க்கு மிக அருகில் குனிந்து செய்ய வேண்டிய இந்தத் தொழிலில் அவரை நிலைக்கவிடவில்லை. 1878இல் டாட்ஜ் சிட்டி பத்திரிகையில் அவர் கொடுத்த விளம்பரத்தில், அந்தக் கோடைக்காலத்துக்கு மட்டும் ஒரு விடுதியின் 24ஆம் எண் அறையில் சேவை கிடைக்கும் என்றும், திருப்தி இல்லையென்றால் பணம் திருப்பித் தரப்படும் என்றும் இருந்தது. டாட்ஜ் சிட்டி மாட்டு மந்தைகள் வந்து சேரும் சந்தை ஊர், கோடையில் நிரம்பிக் குளிரில் வெறிச்சோடும். அத்தகைய ஊரில் ‘கோடைக்கு மட்டும்’ என்று பலகை மாட்டுவதே இயல்பு.

எல்லைப்புறம் என்பது எது?

அமெரிக்க வரலாற்றில் ‘எல்லைப்புறம்’ என்பது இரு நாடுகளுக்கு இடையிலான கோட்டைக் குறிப்பதில்லை. வெள்ளையர் குடியேற்றம் மேற்கு நோக்கி நகர்ந்தபோது, குடியேற்றம் அடர்ந்த பகுதிக்கும் மிக அரிதான பகுதிக்கும் இடையே இருந்த நகரும் விளிம்பே எல்லைப்புறம். அந்நாட்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்புத் துறை, ஒரு சதுர மைலுக்கு இரண்டு பேருக்கும் குறைவாக இருந்த நிலத்தைக் குடியேற்றம் இல்லாத பகுதியாகக் கணக்கிட்டது. 1890ஆம் ஆண்டுக் கணக்கெடுப்போடு, இனி அப்படியொரு தொடர்ச்சியான விளிம்பை வரைய முடியாது என்று அத்துறையே அறிவித்தது. அந்த நிலம் வெறுமையாகக் கிடந்ததில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கான்சா, ஷானி, டெலவேர் போன்ற பழங்குடி மக்களை அப்புறப்படுத்திய பிறகே அங்கே தெருக்கள் அளக்கப்பட்டன.

லாரன்ஸ் 1854இல், அடிமை முறையை எதிர்த்த, நியூ இங்கிலாந்து என்ற வடகிழக்கு அமெரிக்கப் பகுதியிலிருந்து வந்த குடியேறிகளால் நிறுவப்பட்ட ஊர். 1863 ஆகஸ்ட் 21 அன்று, உள்நாட்டுப் போரின் நடுவே, அடிமை முறையை ஆதரித்த தென் மாநிலங்களின் பக்கம் நின்ற வில்லியம் குவான்ட்ரிலின் படை அதிகாலையில் புகுந்து, ஏறத்தாழ 150 ஆண்களையும் சிறுவர்களையும் கொன்று, கடைத்தெருவை எரித்தது. அடுத்த ஆண்டே ரயில் வந்தது. 1866இல் பல்கலைக்கழக வகுப்புகள் தொடங்கின. 1860இல் 1,645 ஆக இருந்த மக்கள் தொகை 1870இல் 8,320 ஆனது. சாம்பலிலிருந்து மீண்டும் எழுந்துகொண்டிருந்த இந்த ஊருக்குத்தான் லூசி ஹாப்ஸ் டெய்லர் 1867 இறுதியில் கணவருடன் வந்து சேர்ந்தார்.

ரயில் என்பது இங்கே வெறும் பின்னணிச் செய்தியல்ல. ஃபிலடெல்ஃபியாவின் எஸ். எஸ். ஒயிட் நிறுவனம் போன்றவை பீங்கான் பற்களையும் கருவிகளையும் தொழிற்சாலையில் செய்து விற்றன. ரயில் நிலையம் உள்ள ஊரில் இருக்கும் மருத்துவருக்கு அவை பெட்டியில் வந்து சேரும். இரும்புப்பாதை வந்துவிட்டால், பல் மருத்துவர் தம் கருவிகளைச் சுமந்துகொண்டு நோயாளியைத் தேடிப் போக வேண்டிய தேவை குறைந்து, சுற்றுப்புறப் பண்ணைகளிலிருந்து நோயாளிகள் அவரைத் தேடி வரும் நிலை உண்டாகிறது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: மக்கள் குறைவாக இருந்தால் மருத்துவர் சுற்றுகிறார், மக்களும் போக்குவரத்தும் பெருகினால் அவர் தங்குகிறார்.

பட்டம் இல்லாதவர் பயிற்சி இல்லாதவரா?

உலகின் முதல் பல் மருத்துவக் கல்லூரி 1840இல் பால்டிமோரில் தொடங்கியது. அடுத்தது 1845இல் சின்சினாட்டியில் தொடங்கிய ஓஹையோ பல் அறுவைக் கல்லூரி. ஆனால் தொழில் செய்யப் பட்டம் கட்டாயம் என்ற சட்டம் பெரும்பாலான மாநிலங்களில் வெகுகாலம் இல்லை. நியூயார்க், ஓஹையோ, கென்டக்கி ஆகிய மாநிலங்கள்கூட 1868இல்தான் இதற்குச் சட்டம் இயற்றின. எனவே பலரும் அனுபவமுள்ள ஒரு மருத்துவரின் அறையில் உதவியாளராகச் சேர்ந்து, கருவி துடைப்பதில் தொடங்கி, அச்செடுத்து, மெழுகு இழைத்து, கடைசியில் நோயாளியின் வாயில் கைவைக்கும் நிலைக்கு வந்தனர். பட்டறையில் அமர்ந்து தொழில் கற்பதைப் பரம்பரையாக அறிந்த நமக்கு இம்முறையின் வலிமையும் தெரியும், குறையும் தெரியும். நல்ல ஆசான் வாய்த்தால் கை தேறும். மோசமான ஆசான் வாய்த்தால் பிழையும் சேர்ந்தே கைமாறும்.

லூசி ஹாப்ஸ் 1833இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். மிச்சிகனில் பத்தாண்டுகள் பள்ளி ஆசிரியையாக இருந்துவிட்டு, மருத்துவம் படிக்கும் விருப்பத்துடன் 1859இல் சின்சினாட்டிக்குச் சென்றார். பெண் என்பதால் மருத்துவக் கல்லூரி சேர்க்கவில்லை. அங்கிருந்த பேராசிரியர் ஒருவரின் அறிவுரைப்படி பல் மருத்துவத்தின் பக்கம் திரும்பி, சாமுவேல் வார்டில் என்ற மருத்துவரிடம் தொழில் பயின்றார். 1861இல் ஓஹையோ பல் அறுவைக் கல்லூரியும் அதே காரணத்தால் இடம் மறுத்தது. சட்டம் பட்டத்தைக் கேட்கவில்லை என்பதால் அவர் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். உள்நாட்டுப் போர் மூண்டதும் மேற்கே அயோவா மாநிலத்துக்குப் போய், முதலில் பெல்வ்யூவிலும் பிறகு மெக்ரிகரிலும் பணியாற்றினார்.

அயோவாவில் உடன்பணியாற்றிய ஆண் மருத்துவர்கள் அவருடைய வேலையைக் கண்ணால் பார்த்தவர்கள். 1865இல் அம்மாநிலப் பல் மருத்துவர் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றது. அதே ஆண்டு நவம்பரில், முன்பு மறுத்த கல்லூரி அவரைச் சேர்த்துக்கொண்டது. அவருடைய தொழில் அனுபவத்தைக் கருதி நேரே மூத்த வகுப்பில் அமர்த்தியது. 1866 பிப்ரவரி 21 அன்று, பல் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் பெண்மணி ஆனார். இந்த இடத்தில் ஒரு குழப்பம் அடிக்கடி நேர்கிறது. அவர் பட்டம் பெற்ற முதல் பெண், தொழில் செய்த முதல் பெண் அல்லர். கனெக்டிகட்டில் எமலின் ராபர்ட்ஸ் ஜோன்ஸ் 1855 முதலே பல் மருத்துவம் பார்த்துவந்தார். இருவருக்கும் உரிய இடத்தைக் கொடுப்பதுதான் நியாயம்.

கரையான் அரித்த கதவு

மருத்துவர் எதைச் சரிசெய்தார் என்பது புரிய, பல்லைப் பற்றிச் சிறிது தெரிந்திருக்க வேண்டும். பல்லின் வெளிப்புறத்தில் உள்ள கடினமான உறை எனாமல். அதன் உள்ளே சற்று மென்மையான டென்டின் என்ற அடுக்கு. நடுவில் நரம்பும் இரத்தக் குழாய்களும் உள்ள பற்கூழ். வாயிலுள்ள பாக்டீரியாக்கள் சர்க்கரையையும் மாவுப்பொருளையும் தின்று அமிலத்தை வெளிவிடுகின்றன. அந்த அமிலம் எனாமலைக் கரைத்துச் சிறு துளை உண்டாக்குகிறது, டென்டினை அடைந்ததும் பக்கவாட்டில் விரிகிறது. கரையான் அரித்த கதவு இப்படித்தான் இருக்கும். வெளியே ஊசி நுழையும் துளை, விரலால் அழுத்தினால் உள்ளே பொடி. பல் சொத்தையும் அப்படியே, வெளியே தெரியும் கறுப்புப் புள்ளியைவிட உள்ளே இருக்கும் பள்ளம் பெரிது. அது பற்கூழைத் தொட்டதும்தான் தூங்கவிடாத வலி வருகிறது.

வில்லோபி மில்லர் என்ற பல் மருத்துவ ஆய்வாளர் இந்த விளக்கத்தைத் தெளிவாக நிறுவி நூலாக வெளியிட்ட ஆண்டு 1890. லூசி டெய்லர் தம் தொழிலின் பெரும்பகுதியை அதற்கு முன்பே முடித்துவிட்டார். காரணம் முழுதாகத் தெரியாமலே அவருடைய சிகிச்சை எப்படிப் பலன் தந்தது என்று கேட்கலாம். அழுகிய பகுதியைச் சுத்தமாகச் சுரண்டி எடுத்து, பள்ளத்தைக் காற்றும் எச்சிலும் புகாதபடி அடைத்துவிட்டால், சொத்தை அங்கே நின்றுவிடும். கரையானின் உயிரியல் தெரியாத தச்சரும் உளுத்த மரத்தை வெட்டி நீக்கி வேறு கட்டை பொருத்தத் தெரிந்தவர்தாம்.

தங்க ரேக்கால் ஒரு பல்லை அடைப்பது

அடைப்பதற்கு மலிவான பொருள் ரசக்கலவை. அதாவது பாதரசத்தோடு வெள்ளி முதலிய உலோகத் தூளைக் குழைத்த பசை, சிறிது நேரத்தில் இறுகிவிடும். அக்காலக் கலவைகள் சீராக இல்லாததால் சுருங்குவதும் விரிவதும் உண்டு. பாதரசம் பற்றிய அச்சமும் இருந்ததால், 1840களில் அமெரிக்கப் பல் மருத்துவர்களிடையே இதைப் பயன்படுத்தலாமா என்று கடும் சண்டையே நடந்தது. திறமையைக் காட்ட விரும்பிய மருத்துவர் தங்கத்தையே நாடினார்.

தங்கத்தை உருக்கி வாயில் ஊற்ற முடியாது, பற்றவைக்கவும் முடியாது. பின்னே எப்படி? தஞ்சாவூர் ஓவியங்களில் ஒட்டும் ரேக்கை நினைத்துக்கொள்ளுங்கள். அடித்து மெல்லிசாக்கிய அப்படியொரு சொக்கத்தங்க ரேக்கைச் சிறு உருண்டையாகச் சுருட்டி, சாராய விளக்கின் சுடரில் ஒரு கணம் காட்டினால், மேற்பரப்பில் ஒட்டியிருந்த வாயுக்களும் ஈரமும் நீங்கிவிடும். அப்படித் தூய்மையான இரு தங்கப் பரப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அழுத்தினால், நெருப்பும் பொடியும் இல்லாமலே அவை ஒன்றிவிடுகின்றன. இப்பண்பைப் பல் அடைப்பதற்குப் பயன்படுத்தலாம் என்று 1855இல் ராபர்ட் ஆர்தர் காட்டினார்.

வேலை நடக்கும் விதம் இது. மருத்துவர் முதலில் பள்ளத்தை, வாய் குறுகி வயிறு பெருத்த குடத்தைப் போல, உள்ளே சற்று அகலமாகக் குடைகிறார். அப்போதுதான் அடைப்பு வெளியே கழன்று விழாது. பிறகு ஓர் உருண்டையைச் சுடரில் காட்டி, பள்ளத்தின் மூலையில் வைத்து, நுனியில் நுண்ணிய பற்கள் வெட்டிய இரும்புக் குச்சியால் அமுக்குகிறார். குச்சியின் தலையில் சிறு சுத்தியால் மெல்லத் தட்ட வேண்டும். அடுத்த உருண்டை, மறுபடியும் தட்டல். இப்படி அடுக்கி அடுக்கிப் பள்ளத்தை நிரப்பி, அரத்தால் வடிவமாக்கி, மெருகிட ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். நடுவில் ஒரு சொட்டு எச்சில் பட்டுவிட்டால் தங்கம் ஒட்டாது, எல்லாம் வீண். 1864இல் சான்ஃபோர்ட் பார்னம் என்ற மருத்துவர் மெல்லிய ரப்பர் தாளில் துளையிட்டுப் பல்லைச் சுற்றி மாட்டும் ‘ரப்பர் திரை’யைக் கண்டுபிடித்து, காப்புரிமை கேட்காமல் உடன்தொழிலாளர் எல்லோருக்கும் வழங்கியது இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான். அந்த ஒற்றைச் செயலுக்காகவே அவர் பெயரை நினைவில் வைத்திருக்கலாம் என்பது என் கருத்து.

குடைவதும் எளிதாக இல்லை. 1871இல் ஜேம்ஸ் மாரிசன் காலால் மிதித்து ஓட்டும் துளைக்கருவிக்குக் காப்புரிமை பெறும்வரை, மருத்துவர்கள் பெரும்பாலும் கைக்கருவிகளையே விரலால் திருகிக் குடைந்தனர். மாரிசனின் கருவி தையல் மிஷினின் உறவுதான். மிதியை மிதித்தால் சக்கரம் சுழலும், கயிறு வழியே அச்சுழற்சி கைப்பிடி நுனியிலுள்ள துளையூசிக்குப் போகும். மருத்துவர் ஒற்றைக்காலில் நின்று, மறுகாலால் சீராக மிதித்தபடி, அரிசியளவு இடத்தில் கை நடுங்காமல் குடைய வேண்டும்.

வலிக்கு மருந்து இல்லையா என்று கேட்கலாம். நைட்ரஸ் ஆக்சைடு என்ற சிரிப்பூட்டும் வாயுவை ஹொரேஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர் 1844இல் தம் பல்லைப் பிடுங்கவைத்தே சோதித்தார், 1863 முதல் கார்ட்னர் கோல்டன் அதைப் பரப்பினார். ஆனால் அந்த மயக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடமே நிற்கும். பிடுங்க அது போதும், ஒரு மணி நேரம் அடைக்கப் போதாது. இடத்தை மட்டும் மரக்கச் செய்யும் மருந்தான கோகெய்ன் 1884இல்தான் பயனுக்கு வந்தது. ஆக, பல்லைக் காப்பாற்றும் வேலை முழுவதும் நோயாளி விழித்திருக்க, வலியோடு நடந்தது. அறிமுகமில்லாத, நாளை ஊரில் இருக்கமாட்டாத ஒருவரின் நாற்காலியில் அத்தனை நேரம் வாயைத் திறந்துகொண்டு யார் உட்காருவார்கள்? நிலைத்த மருத்துவருக்கும் தங்க அடைப்புக்கும் உள்ள உறவு இதுதான்.

சுருக்கமாக: பிடுங்குவது நிமிட வேலை, அதை யாரும் எங்கும் செய்யலாம். அடைப்பது நேரமும் நம்பிக்கையும் கேட்கும் வேலை, அதற்கு ஓர் ஊர் தேவை.

பல்செட்: மெழுகு, பிளாஸ்டர், குக்கர்

பல்செட்டின் கதை வேறு. அதன் ஈறுப்பகுதி முன்பு தங்கத் தகட்டில் செய்யப்பட்டது, எளியவர்களுக்கு எட்டாது. ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூட்டில் பதப்படுத்தினால் கெட்டிப்படும் என்பதைச் சார்லஸ் குட்இயர் கண்டறிந்தார், கந்தகத்தை மிகுதியாகச் சேர்த்துக் கொம்புபோல் இறுகச் செய்த ரப்பரே வல்கனைட். சுவாமிமலை ஸ்தபதிகளின் வேலையைப் பார்த்தவர்களுக்கு மீதி முறை உடனே விளங்கும். வாயை அச்செடுத்து, அதன்மேல் மெழுகால் ஈறு அமைத்து, பீங்கான் பற்களைப் பதித்து, நோயாளியின் வாயில் வைத்துப் பார்த்துத் திருத்தி, பின் முழுவதையும் பிளாஸ்டருக்குள் புதைப்பார்கள். மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் மிருதுவான ரப்பரைத் திணித்து, குக்கர் போன்ற மூடிய செம்புப் பாத்திரத்தில் நீராவி அழுத்தத்தில் ஏறத்தாழ 160 டிகிரி செல்சியஸில் வேகவைப்பார்கள். பிளாஸ்டரை உடைத்தால் கெட்டியான பல்செட் கிடைக்கும்.

வலியில்லாமல் பிடுங்கும் வாயுவும் மலிவான வல்கனைட்டும் ஒரே காலத்தில் வந்து சேர்ந்ததன் விளைவு கவலைக்குரியதாகவும் இருந்தது. காப்பாற்றக்கூடிய பற்களையும் மொத்தமாகப் பிடுங்கிவிட்டுச் செட் கட்டிக்கொள்ளும் வழக்கம் பெருகியது. இன்னொரு பக்கம், குட்இயர் பல் வல்கனைட் நிறுவனம் காப்புரிமையைக் காட்டி மருத்துவர்களிடம் உரிமக் கட்டணம் கேட்டு வழக்குகள் போட்டது. அந்தப் பகை 1879இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பல் மருத்துவர் அந்நிறுவனப் பொருளாளர் ஜோசையா பேகனைச் சுட்டுக் கொல்லும் அளவுக்குப் போனது. 1881இல் காப்புரிமை காலாவதியானதும் அந்தச் சுமை நீங்கியது.

லாரன்ஸில் இருபது ஆண்டுகள்

லூசி பட்டம் பெற்றபின் சிக்காகோவில் தொழில் தொடங்கி, 1867இல் ஜேம்ஸ் டெய்லரை மணந்தார். ஜேம்ஸ் போரில் பங்கேற்றவர், ரயில் பெட்டிகளுக்கு வண்ணம் பூசும் பணியில் இருந்தவர். மனைவியே அவருக்குப் பல் மருத்துவம் கற்றுக்கொடுத்தார். லாரன்ஸுக்கு வந்தபின் இருவரும் சேர்ந்தே தொழில் நடத்தினர். பெண்களும் குழந்தைகளும் லூசியிடம் பெருமளவில் வந்தனர். மேலே சொன்ன ஒரு மணி நேரத் தட்டலையும் குடைவதையும் எண்ணிப்பார்த்தால், அன்றைய ஒரு தாய் தன் குழந்தையை எவரிடம் அழைத்துப் போக விரும்பியிருப்பாள் என்பது புரியும்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவர்கள் அந்த ஊரை விட்டு நகரவில்லை. 1867இல் பால்பல் முளைத்த குழந்தைக்கு 1886இல் இருபது வயது நெருங்கியிருக்கும். அவ்வாண்டு ஜேம்ஸ் இறந்ததும் லூசி தொழிலைப் பெருமளவு குறைத்துக்கொண்டு, பெண்களின் வாக்குரிமைக்கான பணிகளிலும் ஊரின் பொதுச் சங்கங்களிலும் ஈடுபட்டார். 1910 அக்டோபர் 3 அன்று லாரன்ஸிலேயே காலமானார். வெர்மான்ட் தெரு 809ஆம் எண்ணில் அவர்கள் வாழ்ந்த வீடு இன்றும் இருக்கிறது.